நாக்காவில் நின்ற சிரிப்பு

என் அம்மாவுக்கு இந்தி கற்றுக்கொடுத்தவர்கள் ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு சைக்கிள் கடைக்காரர், ஒரு முடிதிருத்துபவர், ஒரு பிச்சைக்காரர், அப்புறம் எந்நேரமும் தள்ளாடிக்கொண்டே வரும் ஒரு குடிகாரர். கல்லிடைக்குறிச்சியிலிருந்து கல்யாணமாகி 1971-இல் பம்பாய்க்கு ரயிலேறி வந்தவள். ஆண்டாப் ஹில் அரசுக் குடியிருப்பில் மாடிக்கு மாடி தமிழ்க் குடும்பங்கள், காய்கறிக்கு மாதுங்கா மார்க்கெட், அங்கே கடைக்காரரே "வாங்கம்மா, முருங்கைக்காய் வந்திருக்கு" என்று கூப்பிடுவார், சாமி கும்பிட ஆஸ்திக சமாஜம். இப்படியே பதினைந்து வருஷம் இந்தியின் துணையில்லாமல் பம்பாயில் குடித்தனம் நடத்திவிட்டாள். 1986-இல் தூர்தர்ஷனில் 'நுக்கட்' என்ற தொடர் வந்தபோதுதான் அவளுடைய பள்ளிக்கூடம் திறந்தது.

நுக்கட் என்றால் தெருமுனை. நாங்கள் நாக்கா என்போம். எலக்ட்ரீஷியன் குருவும் சைக்கிள் கடை ஹரியும் காதர் பாயின் ஓட்டலும் கரீமின் சலூனும் கணபத் ஹவல்தாரின் லத்தியும் கோப்டியின் தள்ளாட்டமும் எல்லாம் அந்த ஒரு முனைக்குள் அடக்கம். கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒருத்தருக்கு வேலை போகும், ஒருத்தருக்குக் கூலி வராது, யாராவது கடன் கேட்பார்கள், கொடுக்கக் கையில் இல்லாதவர்கள் கூடி உட்கார்ந்து யோசிப்பார்கள். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அம்மாவுக்கு நான்தான் துபாஷி. திரையில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் தமிழில் சொல்லிவிட வேண்டும். எனக்கே புரியாத இடங்களில், கூலி பாக்கி பற்றியும் குடியைப் பற்றியும் பெரியவர்கள் பேசிக்கொள்ளும் இடங்களில், நானாக ஒரு வசனம் எழுதிச் சொல்லிவிடுவேன். அந்தப் பையனை இப்போது நினைத்தால் எனக்கு அவன்மேல் வாஞ்சையே வருகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் அம்மா தனித்துப்போவாள் என்ற பயம் அவனுக்கு.

நாலைந்து மாதத்தில் துபாஷிக்கு வேலை போயிற்று. அம்மா எனக்கு முன்னால் சிரிக்கத் தொடங்கினாள். அதோடு நிற்கவில்லை, கற்றதைத் தெருவில் இறக்கினாள். பால்காரரிடம் அவள் பேசிய இந்தியில் குருவின் அதட்டலும் தொடரில் வரும் டீச்சர்ஜியின் மரியாதையும் கோப்டியின் இழுவையும் கலந்திருந்தன. அதைக் கேட்டு எதிர்வீட்டு மராத்திக் காக்கு வயிறு குலுங்கச் சிரித்து, அம்மாவைக் கட்டிக்கொண்டது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. பதினைந்து வருஷமாக வாசலில் பார்த்துத் தலையசைத்ததோடு சரி, அன்றைக்குத்தான் இரண்டு பேரும் முதன்முதலாக உட்கார்ந்து பேசினார்கள்.

எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது அதற்கும் இரண்டு வருஷம் முன்னால், 1984-இல். மரப்பெட்டி, அதற்கு இரண்டு பக்கமும் இழுத்து மூடும் கதவு, கதவுக்குப் பூட்டு, பூட்டின் சாவி அப்பாவின் பூணூலில் இல்லாத குறையாக இடுப்பு வேட்டியிலேயே தொங்கும். மொட்டைமாடியில் ஆண்டெனா. காற்றடித்தால் நான் மேலே ஓட வேண்டும், ஜன்னலோரம் அண்ணன், பெட்டிக்கு முன்னால் அப்பா. "தெரியுதா?", "இல்லை", "இப்போ?", "கொஞ்சம் வடக்கே", "ஐயோ, முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சு". மூன்று மாடி கேட்கும் இந்த உரையாடல் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். சென்னையிலோ மதுரையிலோ, மொழி புரியாமல் முகத்தைப் பார்த்தே சிரிக்கப் பழகிய வீடாக உங்கள் வீடு இருந்திருந்தால், எங்கள் அம்மாவின் முதல் சில வாரங்கள் உங்களுக்கு இன்னும் நன்றாகவே விளங்கும்.

பெட்டி வந்த அந்த வருஷம்தான் இரண்டு தொடர்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று 'ஹம் லோக்'. 1984 ஜூலையில் தொடங்கி மறு வருஷம் டிசம்பர் வரை ஓடியது. குடும்பக் கட்டுப்பாடு, பெண்களின் நிலை இவற்றை மக்களிடம் கொண்டுபோகவேண்டும் என்று மெக்சிகோவில் செய்து பார்த்த ஒரு முறையைப் பின்பற்றி எழுதப்பட்டது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அசோக் குமார் வந்து நம்மிடம் இரண்டு வார்த்தை பேசுவார். அம்மாவுக்கு அவர் பேசுவது ஒன்றும் புரியாது, ஆனால் ஒரு பெரியவர் வந்திருக்கிறார் என்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வாள். இன்னொன்று 'யே ஜோ ஹை ஜிந்தகி'. வெள்ளிக்கிழமை இரவு. இந்தித் தொலைக்காட்சியின் முதல் நகைச்சுவைத் தொடர் என்று அதைத்தான் சொல்வார்கள். ஷரத் ஜோஷி எழுத்து, ஷஃபி இனாம்தாரும் ஸ்வரூப் சம்பத்தும் கணவன் மனைவி, ராகேஷ் பேடி மச்சான். இவர்களுக்கு நடுவே சதீஷ் ஷா வாரம் ஒரு வேஷத்தில் வந்து கதவைத் தட்டுவார். இந்த வாரம் யாராக வருவார் என்று எங்கள் மாடியில் பந்தயம் நடக்கும், பந்தயப் பொருள் ஒரு கட்டிங் சாய்.

அந்தத் தொடரில் பெரிய சமூகப் பிரச்சினை எதுவும் இல்லை என்று அப்போது நினைத்திருந்தேன். பின்னால் யோசிக்கும்போது, வாடகை வீடும் வேலையில்லாத மச்சானும் திடீர் விருந்தாளியும் அந்தக் காலத்துச் சம்பளக்காரர் வீட்டில் எவ்வளவு பெரிய பிரச்சினைகள் என்பது விளங்குகிறது. எங்கள் இரண்டு அறைக் குடியிருப்பில் ஊரிலிருந்து வேலை தேடி வந்த மாமா பதினோரு மாதம் தங்கினார். அம்மாவும் அப்பாவும் அது பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வெள்ளிக்கிழமை இரவு அந்த மச்சான் திரையில் வரும்போது மட்டும் மாமாதான் எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பார். அவர் சிரித்த பிறகு அப்பாவும் சிரிக்கலாம், அம்மாவும் சிரிக்கலாம். வீட்டில் யாரும் பேசத் துணியாத ஒன்றை அந்த அரைமணி நேரம் பேசிவிட்டுப் போகும்.

இந்தத் தொடரிலும் நுக்கடிலும் பின்னால் வந்த 'வாக்ளே கி துனியா'விலும் இயக்குநராக இருந்த ஒருவர் குந்தன் ஷா. 1983-இல் 'ஜானே பி தோ யாரோ' எடுத்தவர். நுக்கடில் அவரோடு சேர்ந்தவர் சயீத் மிர்ஸா. இருவரும் புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள், மாற்று சினிமாவில் சாமானியரைப் பற்றிப் படம் எடுத்தவர்கள். அந்தப் படங்களைப் பார்க்கத் திரையரங்குக்கு வராத எங்கள் அம்மாவின் முன்னறைக்கே அவர்கள் வந்து சேர்ந்தார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு நன்றியுணர்வு பெருகுகிறது.

1985-இல் வந்த 'ரஜனி'யை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கலாம். முழு நகைச்சுவை என்று சொல்ல முடியாதுதான், ஆனால் நாங்கள் அதற்கும் சிரித்தோம். பாசு சாட்டர்ஜி இயக்கம், நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கரின் மகள் ப்ரியா டெண்டுல்கர் ரஜனி. நெற்றியில் பொட்டு, தோளில் பை, எங்கே அநியாயம் கண்டாலும் நேரே மேஜைக்குப் போய் நிற்கும் இல்லத்தரசி. டாக்ஸிக்காரர்களைக் கேள்வி கேட்ட பகுதி வந்தபோது, பம்பாய் டாக்ஸி ஓட்டுநர்கள் தூர்தர்ஷன் முன்னால் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒரு தொடர் ஊரின் தோலில் பட்டிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஐந்து ரூபாய் கூடக் கேட்பார். எல்லா வீட்டிலும் கொடுப்பார்கள். ரஜனியில் கேஸ் ஏஜென்சியைப் பற்றிய பகுதி வந்த மறுவாரம் அம்மா கொடுக்கவில்லை. ரசீதைக் காட்டச் சொன்னாள், தமிழில். அவர் இந்தியில் ஏதோ சொன்னார். அம்மா மறுபடி தமிழில் ரசீதைக் காட்டச் சொன்னாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த அப்பா, "நீ என்ன ரஜனியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அப்போது தேசம் முழுவதும் எத்தனையோ வீடுகளில் கேட்கப்பட்டது. அடுத்த சிலிண்டர் மூன்று வாரம் தள்ளி வந்தது. அந்த மூன்று வாரமும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்த அம்மா ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை. வந்த சிலிண்டருக்கு ரசீதில் இருந்த தொகையைச் சில்லறையாக எண்ணிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் மாடியில் நான்கு வீடுகள் கூடுதல் பணம் கொடுப்பதை நிறுத்தின. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. அம்மாவுக்கு அப்படி ஒரு சட்டம் வந்தது தெரியவே தெரியாது. அவள் ரஜனியைத்தான் அறிவாள்.

அப்பாவுக்கு உரியவர் வாக்ளே. 1988-இல் அவர் வந்தபோது அப்பாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது, மத்திய அரசு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர், சென்ட்ரல் லைன் நெரிசலில் கசங்கிய சட்டையோடு தினமும் வீடு திரும்புகிறவர். ஆர்.கே. லக்ஷ்மண் படைத்த பாத்திரம் அது. லக்ஷ்மண் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை. அவருடைய கார்ட்டூனில் கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக நிற்கும் சாமானியன் வாயே திறப்பதில்லை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்பதோடு சரி. வாக்ளே அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. இவன் பேசுவான், தயங்குவான், பயப்படுவான், பயந்துகொண்டே சரியானதைச் செய்யப் பார்ப்பான். அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ் அந்தத் தயக்கத்தைத் தோளிலேயே வைத்திருந்தார். மனைவி ராதிகாவாகப் பாரதி ஆச்ரேகர். ஒரு பகுதியில் வாக்ளேயை காரில் இடித்துவிடும் இளைஞனாக வந்தவர் ஷாருக் கான். அப்போது அவரை எங்களுக்குத் தெரியாது, அப்பா திட்டித் தீர்த்தார்.

அப்பா அதிகம் சிரிக்கிறவர் இல்லை. வாக்ளே பார்க்கும்போதும் வாய்விட்டுச் சிரித்ததாக நினைவில்லை. "ம்" என்பார். சில இடங்களில் "ம்ம்" என்பார். மாதக் கடைசியில் வாக்ளே பர்ஸைத் திறந்து பார்த்து மூடும் இடம் போன்றவற்றில் அந்த இரண்டாவது 'ம்' வரும். மறுநாள் காலை அலுவலகம் கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே, "வாக்ளே கிளம்பிட்டான்" என்று அம்மாவிடம் சொல்வார். நான் என் அப்பாவின் வாழ்க்கையை முதன்முதலில் வெளியிலிருந்து பார்த்தது அந்தத் தொடரில்தான். அதுவரை எனக்கு அவர் சாவி வைத்திருக்கிறவர், கையெழுத்துப் போடுகிறவர், சினிமாவுக்குக் காசு தராதவர். கசங்கிய சட்டைக்குள் ஒருத்தர் நாள் முழுக்கத் தலைகுனிந்து, நியாயம் பேச நினைத்துப் பேசாமல் வந்து, எங்களுக்காக வாழைப்பழச் சீப்பைச் சுமந்து வருகிறார் என்பதை வாக்ளே காட்டிக்கொடுத்தார்.

அடுத்த வருஷம் ஜஸ்பால் பட்டி. சண்டிகரிலிருந்து வந்த சர்தார், படிப்பால் மின்பொறியாளர். அவருடைய 'ஃப்ளாப் ஷோ' மொத்தமே பத்துப் பகுதிகள். மருத்துவச் செலவுக்குப் பொய் பில் போடும் ஊழியர்கள், பிஎச்.டி. வழிகாட்டியின் வீட்டு வேலைகளையெல்லாம் செய்துதரும் ஆராய்ச்சி மாணவன், தொலைபேசிக்காக அலைகிறவர், ஒப்பந்தக்காரர்கள் என்று பகுதிக்கு ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அதை அந்த நோயாளிகளுக்கே சமர்ப்பணமும் செய்துவிடுவார். மனைவி சவிதா பட்டி கூட நடித்தார். செட்டும் செலவும் மிகச் சிறியவை. அப்பாவின் அலுவலகத்தில் மறுநாள் மதியச் சாப்பாட்டில் வேறு பேச்சே இருக்காதாம். பொய் பில் போட்டவர்களும் போடாதவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சிரித்தார்கள் என்று சொல்வார். அதில் ஒருத்தர், "இனிமே போட மாட்டேன்பா, போட்டா அந்த சர்தார் மூஞ்சி ஞாபகம் வருது" என்றாராம். இதையெல்லாம் ஒளிபரப்பியது அரசாங்கத்தின் தொலைக்காட்சி. தன் அலுவலகங்களைத் தன் திரையிலேயே நையாண்டி செய்ய இடம் கொடுத்தது. அன்றைய தூர்தர்ஷனின் செய்தி அறிக்கையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அதே நிலையத்தில் இது நடந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும்.

அந்தக் காலத்தைப் பொன்னால் பூசிவிடவும் எனக்கு மனமில்லை. நான் பார்த்தவற்றில் சாதியைப் பற்றி யாரும் வாய் திறந்ததாக நினைவில்லை. நுக்கட் ஏழ்மையைத் தொட்டது, இந்துவையும் முஸ்லிமையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது. ஆனால் அந்தத் தெருவைக் கூட்டுகிறவர் எந்தச் சாதி, ஏன் அந்தச் சாதி என்று யாரும் கேட்கவில்லை. மனைவிமார்கள் பெரும்பாலும் வீட்டில் இருந்தார்கள், கணவனின் முட்டாள்தனத்தைப் பொறுத்துக்கொள்வதே அவர்களுடைய நகைச்சுவையாக இருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் பெரியம்மா, "என்னைப் போல ஒருத்தி எங்கேடா இதுல?" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வி நியாயமானது, அதற்கு அப்போது பதில் இல்லை.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது, பெட்டியின் கதவு கழன்றது, சாவி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது, விண்ணப்பித்த ஏழாவது வருஷத்தில். ஊர் பெயர் மும்பை ஆயிற்று. அப்பா ஓய்வுபெற்று, குடியிருப்பைக் காலி செய்து, நாங்கள் கார்கருக்குக் குடிபோனோம். சிலிண்டர் இப்போது செல்பேசியில் சொன்னால் இரண்டு நாளில் வருகிறது. ஏழு வருஷம் காத்திருந்த தொலைபேசியை இப்போது ஏழு நிமிஷத்தில் கடையில் வாங்கலாம். இதெல்லாம் நல்ல மாற்றம், எனக்கு எந்தக் குறையும் இல்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக் கையில் கொப்புளம் கண்ட அம்மாவைப் பார்த்தவன் பழைய காலமே போதும் என்று சொல்லமாட்டேன்.

ஆனாலும் அவமானங்கள் தீர்ந்துவிடவில்லை, உடைமாற்றிக்கொண்டு வந்திருக்கின்றன. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் இயந்திரக் குரல் ஒன்றை அழுத்தச் சொல்கிறது, இரண்டை அழுத்தச் சொல்கிறது, ஒன்பதை அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் பெயரைக் கேட்டுவிட்டு, என்ன சாப்பிடுவீர்கள் என்கிறார்கள். கடன் தவணை ஒன்று தவறினால் முகம் தெரியாத ஒருவர் அலுவலகத்துக்கே போன் செய்கிறார். என் மகளின் வயதில் இருக்கிறவர்கள் இதையெல்லாம் தனியாகத் தாங்குகிறார்கள். சிரிப்பதற்கு அவர்களுக்கும் நிறைய இருக்கிறது, காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவரவர் திரையில் அவரவர் சிரிக்கிறார்கள். பக்கத்து அறையில் மகள் திடீரென்று சிரிப்பது கேட்கும், எதற்கு என்று எழுந்து போய்க் கேட்டால் அந்த இடம் கடந்துபோயிருக்கும். மாமா முதலில் சிரித்து, அதனால் அப்பா சிரிக்க முடிந்த அந்த அறை இல்லாமல் போயிற்று. நான் மிகவும் இழந்ததாக நினைப்பது அதைத்தான். தொடர் எழுதுகிற இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த உதவி எண்ணைப் பற்றி, அந்த வாடகை வீட்டைப் பற்றி, நான்கு தலைமுறை ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்படி எழுதுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

2021 பிப்ரவரியில் வாக்ளே திரும்பி வந்தார், இந்த முறை தனியார் சேனலில். கதாநாயகன் இப்போது மகன் ராஜேஷ், நடித்தவர் சுமீத் ராகவன். அவரும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைதான் என்று அம்மா கண்டுபிடித்துவிட்டாள். பழைய வாக்ளேயும் ராதிகாவும் தாத்தா பாட்டியாக, அதே அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ், அதே பாரதி ஆச்ரேகர். அப்பா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. முதல் நாள் அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ் நரைத்த தலையோடு திரையில் வந்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இவருக்கும் வயசாயிட்டுதே, பாவம்" என்றாள். அன்றிலிருந்து அந்த நேரத்தில் அவளை யாரும் கூப்பிடக்கூடாது என்றாயிற்று.

2023 மார்ச்சில் சமீர் கக்கர் காலமானார். நுக்கடின் கோப்டி. செய்தியைச் செல்பேசியில் பார்த்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"நம்ம கோப்டியா?" என்றாள்.

"ஆமாம்மா."

"குரு இருக்கானாடா?"

"திலீப் தவன் 2000-லேயே போயிட்டாரும்மா."

"ஹரி?"

"இருக்கார். பவன் மல்ஹோத்ரா. இப்பவும் நடிக்கிறார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு எதிர்வீட்டுக் காக்குவின் எண்ணைப் போட்டுத் தரச் சொன்னாள். காக்கு இப்போது புனேயில் மகள் வீட்டில் இருக்கிறாள். இரண்டு பேரும் ஒருமணி நேரம் பேசினார்கள், நுக்கடில் கற்ற அந்த இந்தியில்.